டவுன்டன் ஆபி: உடைகளும் கடைசி எபிசோடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் ‘டவுன்டன் ஆபி’ தொடரைப் பார்த்து முடித்தவர்கள், மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். உடையைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பார்கள், பேச்சு எப்படியோ கடைசி எபிசோடில் போய் நிற்கும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

நான் இன்னும் பார்க்கவே இல்லை. என்ன கதை? இதைப் படிச்சா முடிவு தெரிஞ்சிடுமா?

தெரிந்துவிடும். முதல் சில பதில்களில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சிபிலைப் பற்றிய கேள்வி வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு பெரிய மாளிகை. மேலே கிராலி என்ற பிரபுக் குடும்பம், கீழே அவர்களுக்கு வேலை செய்பவர்கள். ராபர்ட், கோரா தம்பதிக்கு மூன்று பெண்கள்: மேரி, எடித், சிபில். ஆண் வாரிசு இல்லாததால் சொத்து யாருக்குப் போகும் என்ற பிரச்சினையில் கதை தொடங்குகிறது. எழுதியவர் ஜூலியன் ஃபெலோஸ். பிரிட்டனின் ஐடிவி சேனலில் 2010 செப்டம்பரில் தொடங்கி, 2015 கிறிஸ்துமஸ் அன்று முடிந்தது. ஆறு சீசன், மொத்தம் 52 எபிசோட். திரையில் நாம் பார்க்கும் மாளிகை ஹாம்ப்‌ஷயரில் உள்ள ஹைகிளியர் கோட்டை.

ஒவ்வொரு சீசன்லயும் உடை வேற மாதிரி இருக்கே, எத்தனை வருஷக் கதை இது?

1912 ஏப்ரலில், டைட்டானிக் மூழ்கிய செய்தி வரும் காலையில் தொடங்கி, 1925 டிசம்பர் 31 நள்ளிரவில் முடிகிறது. பதின்மூன்று வருஷத்துக்குச் சற்று அதிகம். ஐரோப்பியப் பெண்களின் உடை இவ்வளவு வேகமாக மாறிய காலம் அதற்கு முன்னால் இல்லை என்றே சொல்லலாம். தொடக்கத்தில் கணுக்கால் தெரியாத பாவாடை, மார்புக்குக் கீழே தொடங்கித் தொடை வரை இறுக்கும் கார்செட், பெரிய தொப்பி. முடியும்போது முழங்காலை எட்டிப் பிடிக்கும் விளிம்பு, இடுப்புக்கோடு இடுப்பெலும்பு வரை இறங்கிய தொளதொள கௌன், தலையோடு ஒட்டிய குளோஷ் தொப்பி.

பலர் நினைப்பதுபோல பாவாடை வருஷா வருஷம் ஒரே சீராகக் குட்டையாகவில்லை. முதல் உலகப் போரின் நடுவில், 1915, 1916 வாக்கில் கணுக்காலுக்கு மேலே ஏறியது. பிறகு 1922, 1923இல் மறுபடி நன்றாகவே கீழே இறங்கியது. அதற்கப்புறம்தான் கிடுகிடுவென முழங்காலுக்கு ஏறியது. நான்காவது சீசனில் பெண்கள் திடீரென்று நீளமாக உடுத்துவதைப் பார்த்து, யாரோ தப்பாக வடிவமைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சீசன் நடப்பது 1922, 1923இல்.

ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை டிரெஸ் மாத்துறாங்களே, நிஜமாவே அப்படித்தான் இருந்தாங்களா?

அந்த வர்க்கத்தில் அப்படித்தான். காலைக்கு ஒன்று, வெளியே நடக்கவோ குதிரை ஏறவோ ஒன்று, மாலைத் தேநீருக்குத் தளர்வான கௌன், இரவுச் சாப்பாட்டுக்கு முழு அலங்காரம். சாப்பாட்டுக்கு முன்னால் அடிக்கும் மணி, உடை மாற்றப் போகச் சொல்லும் மணி.

பல உடைகள் பின்பக்கம் சின்னச் சின்னக் கொக்கிகளால் பூட்டுபவை. தானே போட்டுக்கொள்ள முடியாது. அதனால்தான் மேரிக்கு அன்னா என்ற பணிப்பெண். படுக்கையறைக் காட்சிகளில் அன்னாவின் கையைக் கவனியுங்கள். கொக்கி மாட்டுவது, கையுறையை நீவி விடுவது, நகையை எடுத்து நீட்டுவது என்று நிற்காமல் வேலை நடந்துகொண்டிருக்கும். மேரியின் ரகசியங்கள் அத்தனையும் அந்த நேரத்தில்தான் பேசப்படுகின்றன. 1920களின் உடைகள் தலைவழியாக நேராகப் போட்டுக்கொள்ளும்படி எளிதானபோது, உடுத்திவிடும் ஆளின் தேவையும் குறையத் தொடங்கியது. தொடரில் வேலைக்காரர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதற்குப் பணம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

இந்த உடையெல்லாம் புதுசா தைச்சதா, இல்ல பழைய ஒரிஜினலா?

இரண்டும் உண்டு. சில அந்தக் காலத்து அசல், சில நாடக உடைகள் வாடகைக்குத் தரும் நிறுவனங்களிலிருந்து எடுத்தவை, சில புதிதாகத் தைத்தவை. எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது வகை: கிழிந்துபோன பழைய கௌனில் மிஞ்சிய மணிவேலைத் துண்டையோ லேஸையோ எடுத்து, புதுத் துணியில் பதித்து உருவாக்கியவை. நூறு வருஷப் பட்டு, இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆனால் அதிலிருக்கும் கைவேலையை இன்று அதே நுணுக்கத்தில் செய்து வாங்க ஏகப்பட்ட காலமும் காசும் ஆகும்.

முதல் இரண்டு சீசனுக்கு சூசன்னா பக்ஸ்டன், அடுத்த இரண்டுக்கு கரோலின் மெக்கால், கடைசி இரண்டுக்கு அன்னா ராபின்ஸ் என்று முக்கியமாக மூன்று பேர் உடை வடிவமைத்தார்கள். பக்ஸ்டனின் வேலைக்கு 2011இல் எம்மி விருது கிடைத்தது.

சிபில் ஒரு நீல கலர் பேன்ட் போட்டு வர்ற சீன் ஏன் இவ்வளவு ஃபேமஸ்?

முதல் சீசன், நான்காவது எபிசோட். புது உடை தைத்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடியிருக்கும் கூடத்துக்குள், கௌனுக்குப் பதில் கணுக்காலில் சுருக்கிய தளர்வான கால்சட்டையோடு சிபில் நுழைகிறாள். பாட்டி வயலட்டின் முகம், அப்பாவின் முகம், அம்மாவின் முகம் என்று கேமரா வரிசையாகப் போகிறது. வெளியே ஜன்னல் வழியாகக் கார் ஓட்டுநர் டாம் பிரான்சன் பார்த்துச் சிரிக்கிறான்.

பாரிஸில் போல் புவாரே 1911இல் இந்த மாதிரி கால்சட்டை-பாவாடையை அறிமுகப்படுத்தினார், அங்கேயே பெரிய அமளி ஆனது. அதை ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் மகள் சொந்த வீட்டில் போடுகிறாள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் கூட்டங்களுக்குப் போகத் துடிப்பவள் அவள். பிறகு செவிலியாகிறாள், அந்த ஓட்டுநரையே கல்யாணம் செய்துகொள்கிறாள். அவள் அடுத்து எடுக்கப்போகும் முடிவுகள் எல்லாமே அந்த ஒரு உடையில் முன்கூட்டித் தெரிந்துவிடுகின்றன. தொடர் முழுக்க இந்த முறைதான்: ஆள் மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்த பிறகே உடை மாறும். இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சக் கேள்விகள் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மேரி ரொம்ப நாள் கறுப்பிலேயே இருக்காளே, ஏன்?

அவள் கணவன் மேத்யூ கார் விபத்தில் இறந்துவிடுகிறான். மகன் ஜார்ஜ் பிறந்த அதே நாள். நான்காவது சீசன் அதற்குச் சில மாதங்கள் கழித்துத் தொடங்குகிறது. அந்தச் சமூகத்தில் துக்க உடைக்குப் படிகள் உண்டு: முதலில் ஒளி பட்டால் மின்னாத முழுக் கறுப்பு, கொஞ்ச காலம் போனபின் சாம்பல், வெளிர் ஊதா, வெள்ளை.

மேரி கறுப்பை விட்டு ஊதாவுக்கு வருவதை அந்த முதல் எபிசோட் ஒரு நிகழ்ச்சியாகவே வைத்திருக்கிறது. பாட்டி பேசிப் பார்க்கிறார், வீட்டின் பட்லர் கார்சன் பேசிப் பார்க்கிறார், கடைசியில் கார்சனிடம் உடைந்து அழுகிறாள். அதன்பின் ஊதா உடையில், குத்தகை விவசாயிகளின் மதிய விருந்துக்கு வந்து உட்காருகிறாள். பண்ணை நிர்வாகத்தில் அவள் காலெடுத்து வைக்கும் இடம் அதுதான். மேரிக்கு அழகான உடைகள் எத்தனையோ உண்டு. என்னைக் கேட்டால் அவளுடைய மிக முக்கியமான உடை அதிக அலங்காரமில்லாத அந்த ஊதா உடை.

முடி வெட்டினதுக்குப் போய் ஏன் அவ்வளவு கலாட்டா?

ஐந்தாவது சீசன், ஆறாவது எபிசோட், 1924. நீளக் கூந்தல் அந்த வர்க்கத்துப் பெண்ணுக்கு வயது வந்ததன் அடையாளம். சின்னப் பெண்ணாக இருக்கும்வரை விரித்துவிடுவாள், பெரியவளானதும் தூக்கிக் கட்டுவாள். அதையே வெட்டி எறிந்தால் பாட்டிக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும், வேறோர் ஆணைப் பார்த்த மாதிரி பேசுகிறார். உடையோடும் இதற்குத் தொடர்பு உண்டு. குளோஷ் தொப்பி மண்டையோடு ஒட்டி இறங்கும், அதற்குள் கொண்டையைத் திணிக்க முடியாது. நேர்கோடாக விழும் கௌனுக்கும் சின்னத் தலைதான் எடுப்பு.

அந்த எபிசோடில் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. எடித் காதலித்த கிரெக்சன் ஜெர்மனியில் இறந்துவிட்டது உறுதியாகும் செய்தி வந்திருக்கும் அதே வேளையில்தான் மேரி புதுத் தலையோடு வந்து எல்லார் முன்னாலும் நிற்கிறாள். அக்காவின் புதுமையும் தங்கையின் துக்கமும் ஒரே அறையில் இருக்கின்றன. மேரிமீது எனக்கு மிகவும் கோபம் வந்த இடங்களில் இது ஒன்று.

எடித் மட்டும் போகப் போக எப்படி இவ்ளோ அழகாயிட்டா? மேக்கப் ஆளை மாத்திட்டாங்களா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நடிகை லாரா கார்மைக்கேல் அதேதான், முகமும் அதேதான். முதல் சீசனில் எடித்துக்குக் கிடைப்பவை மங்கலான பீச், ஆரஞ்சு, பாசி நிறங்கள். சிபிலின் நீலத்துக்கும் மேரியின் ஆழ்ந்த சிவப்புக்கும் பக்கத்தில் அவை எடுபடவே மாட்டா. உடையும் உடலோடு பொருந்தாமல், யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும். வீட்டில் அவளுக்கு இருந்த இடமும் அப்படிப்பட்டதுதான்.

1920இல் சர் ஆன்டனி ஸ்ட்ராலன் அவளைத் தேவாலயத்தில், எல்லார் முன்னாலும், கல்யாண உடையோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விடுகிறார். வீட்டுக்கு வந்து படியேறி அந்த முக்காட்டைப் பிய்த்து எறிகிறாள். அதற்குப் பிறகு அவள் செய்யும் முதல் உருப்படியான காரியம், பெண்களின் ஓட்டுரிமை பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது. அப்போது பிரிட்டனில் 30 வயதுக்கு மேல், சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டுமே ஓட்டு. கடிதம் அச்சாகிறது, தொடர்ந்து எழுதச் சொல்லி லண்டன் ஆசிரியர் ஒருவர் அழைக்கிறார். அவர்தான் கிரெக்சன். லண்டனுக்கு ரயில் ஏற ஆரம்பித்ததிலிருந்து எடித்தின் உடைகளைப் பாருங்கள். நிறம் ஆழமாகிறது, முதுகு திறக்கிறது, கோட்டின் கழுத்துப் பட்டை பெரிதாகிறது, தொப்பி துணிச்சலாகிறது. வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் அடங்குகிறது, லண்டன் போனால் மறுபடி மலர்கிறது.

கிரெக்சன் விட்டுப்போன பத்திரிகை அவள் கைக்கு வருகிறது. ஆறாவது சீசனில், ஒத்துழைக்காத ஆசிரியரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, ராத்திரி முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த இதழைத் தானே முடித்து அச்சுக்கு அனுப்புகிறாள். தற்செயலாகச் சந்தித்த பெர்ட்டி பெல்ஹாமும் கூட இருந்து கை கொடுக்கிறான். மேசை நிறையக் காகிதம், நேரம் ஓடுகிறது, அவள் தன் உடையைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. தொடர் முழுக்க அவள் மிக அழகாக இருப்பது அந்த இரவில் என்பது என் தீர்மானமான கருத்து. வேலை கிடைத்தது, அதோடு தனக்கு எது பிடிக்கும் என்று சொல்லும் வாயும் கிடைத்தது. மேக்கப் ஆளால் இதைச் செய்ய முடியாது.

வயலட் பாட்டி ஏன் கடைசிவரை ஸ்டைலை மாத்தவே இல்லை?

மாற்ற வேண்டிய காரணம் அவருக்கு இல்லை. உயர்ந்த கழுத்துப் பட்டை, நிமிர்த்திப் பிடிக்கும் கார்செட், தரையைத் தொடும் பாவாடை, ஊதா சாயல்கள், கையில் தடி. 1900களின் தொடக்கத்தில் எது கம்பீரமோ அதையே 1925லும் அணிகிறார்.

இது கற்பனையும் இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி மேரி ராணி, 1920களில் ஊரெல்லாம் முழங்காலைக் காட்டியபோதும் நீளப் பாவாடையையும் உயரமான தொப்பியையும் விடவில்லை. 1953இல் இறக்கும்வரை கிட்டத்தட்ட அந்த உருவத்திலேயே இருந்தார். சுற்றியுள்ள எல்லாரும் மாறும்போது தான் மாறாமல் நிற்பதும் ஒருவர் தேர்ந்தெடுத்த ஸ்டைல்தான். மேகி ஸ்மித் அதை நிமிர்ந்த கழுத்தாலேயே நடித்துக் காட்டிவிட்டார்.

ஆம்பளைங்க டிரெஸ்ல மாற்றமே இல்லையே?

இருக்கிறது, சின்னதாக இருப்பதால் தப்பிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு வால் வைத்த கோட்டும் வெள்ளை போ டையும்தான் முறை. மூன்றாவது சீசனில் ராபர்ட்டின் சட்டைகள் காணாமல் போக, வேறு வழியின்றி வால் இல்லாத டின்னர் ஜாக்கெட்டும் கறுப்பு போ டையுமாக வருகிறார். பெற்ற தாயே அவரைப் பரிமாறும் ஆள் என்று நினைத்துவிடுகிறார். ஆறாவது சீசனுக்குள் குடும்பமாகச் சாப்பிடும் இரவுகளில் அந்த ஜாக்கெட் சர்வ சாதாரணம்.

டாம் பிரான்சன் முதலாளி டிரெஸ் போட்டுக்கிட்டது தோத்துப்போனதுதானே? நீங்க சொன்ன ரூல் அவனுக்குப் பொருந்தலையே?

நல்ல கேள்வி. சிபிலைப் பற்றிய பதிலில், மனசு மாறிய பிறகு உடை மாறும் என்று சொன்னேன். டாமுக்கு அது தலைகீழ். வால் கோட்டு அநியாயத்தின் சீருடை என்று நினைக்கும் அயர்லாந்துப் புரட்சிக்காரன் அவன். சாதாரண சூட்டில் அந்த மேசையில் உட்காருகிறான். மேரியின் கல்யாணத்துக்காகப் பாட்டியும் மேத்யூவின் அம்மா இசபெலும் சேர்ந்து, அவன் மறுக்க மறுக்க, கோட்டுக்கு அளவெடுக்க வைக்கிறார்கள். அங்கே உடை அவன்மேல் ஏற்றப்பட்டது.

ஆனால் சிபில் பிரசவத்தில் இறந்தபின் அவன் அந்த வீட்டில் தங்குவது மகளுக்காக. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வருகிறது. ஐந்தாவது சீசன் முடிவில் பாஸ்டனுக்குப் போகிறான், ஆறாவதில் தானாகத் திரும்பி வருகிறான். திரும்பி வந்த டாம் போடும் கோட்டு அவனே எடுத்துப் போட்டது. தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் முதல் சீசனில் ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்த அந்த இளைஞனின் காரமான பேச்சு மேசையிலிருந்து காணாமல் போனது உண்மை. எழுதியவர் அவனைக் கொஞ்சம் அதிகமாகவே சாந்தப்படுத்திவிட்டார்.

வேலைக்காரங்களுக்கு ஏது ஸ்டைல்? யூனிபார்ம் மட்டும்தானே?

இரண்டு இடத்தைச் சொல்கிறேன். முதல் சீசனில் க்வென் என்ற பணிப்பெண் ரகசியமாகத் தட்டச்சு படித்துச் செயலர் வேலைக்குப் போகிறாள். ஆறாவது சீசனில் கணவரோடு விருந்தாளியாக அதே வீட்டுக்கு வருகிறாள். நல்ல உடையில் மதியச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவளை மேலே இருப்பவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனைக்கும் வருஷக்கணக்காக அவர்கள் அறையைச் சுத்தம் செய்தவள். கறுப்பு உடையையும் வெள்ளை ஏப்ரனையும் எடுத்துவிட்டால், அவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று, வீட்டுப் பணிப்பெண்களின் தலைவி திருமதி ஹியூஸின் கல்யாணம். அஞ்சல் வழியாக வரவழைத்த உடை மனசுக்கு ஒட்டவில்லை. மேரி தன் அம்மாவின் வேலைப்பாடு மிக்க கோட்டு ஒன்றைக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்ல, அந்த அறையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோரா உள்ளே வந்துவிடுகிறார். விஷயம் தெரியாமல் கடுமையாகப் பேசிவிடுகிறார். அத்தனை வருஷம் வீட்டைக் கட்டிக்காத்த பெண், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நிற்கிறாள். பின்னால் கோரா மன்னிப்புக் கேட்டு அந்தக் கோட்டு உடையையே கொடுக்கிறார். எஜமானிக்கும் பணியாளருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை இதைவிடத் துல்லியமாக வேறு எந்தக் காட்சியும் காட்டவில்லை.

சரி, கடைசி எபிசோட்ல என்னதான் நடக்குது? ஒரே நேரத்துல நிறைய பேர் கதை ஓடுது.

முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எடித்துக்குக் கிரெக்சன் மூலம் பிறந்த மகள் மாரிகோல்ட். அதைப் பெர்ட்டியிடம் சொல்லாமல் இருந்ததால் அவர்கள் கல்யாணம் நின்றுபோயிருந்தது. இதற்கிடையில் பெர்ட்டி எதிர்பாராமல் ஹெக்சம் மார்க்விஸ் ஆகிவிட்டான், எடித்தின் அப்பா ராபர்ட்டுடையதைவிட உயர்ந்த பிரபுப் பட்டம். லண்டன் ரிட்ஸ் ஓட்டலில் இருவரையும் சந்திக்க வைப்பது மேரி. பெர்ட்டியின் அம்மா ஒழுக்கத்தில் மிகக் கறாரான பெண்மணி. அவரிடம் எடித் உண்மையைத் தானே போய்ச் சொல்லிவிடுகிறாள். அவர் முதலில் அதிர்ந்து, பிறகு அந்த நேர்மைக்காகவே ஏற்றுக்கொள்கிறார். 1925இன் கடைசி நாள் கல்யாணம்.

கார்சனுக்குக் கை நடுங்க ஆரம்பிக்கிறது, பரம்பரை வியாதி. மது ஊற்ற முடியாத பட்லர் அந்த வேலையில் நீடிக்க முடியாது. அவர் இடத்துக்கு வருவது, அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் பேரோ. மேரி கர்ப்பமாக இருக்கிறாள். அவள் இரண்டாவது கணவன் ஹென்றியும் டாமும் சேர்ந்து கார் விற்கும் கடை திறக்கிறார்கள். இசபெல் மெர்ட்டன் பிரபுவை மணக்கிறார். மருத்துவமனைக் கூட்டத்தைக் கோரா நடத்தும் அழகை ராபர்ட் முதல்முறை நேரில் பார்த்து வாயடைத்துப் போகிறார். அன்னாவுக்கு மேரியின் அறையிலேயே பிரசவம். அந்த அறையில் உடுத்திவிட்டே வாழ்ந்தவள் அதே கட்டிலில் படுத்திருக்க, மேரி கூட நின்று உதவுகிறாள்.

எடித் வாழ்க்கையைக் கெடுத்ததே மேரிதானே? அவளை எப்படி மன்னிச்சா?

ஆமாம், மாரிகோல்ட் ரகசியத்தைச் சாப்பாட்டு மேசையில் பெர்ட்டி முன்னால் போட்டு உடைத்தது மேரிதான். எடித் கொதித்துப்போய் முகத்துக்கு நேராகத் திட்டுகிறாள். திட்டியும் மேரியின் கல்யாணத்துக்கு வருகிறாள். ஏன் வந்தாய் என்பதற்கு அவள் சொல்லும் காரணம் இதுதான்: ஒருநாள் சிபிலையும் அம்மா அப்பாவையும் மேத்யூவையும் நினைவு வைத்திருக்க நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம், அப்போது நமக்குள் இருக்கும் பிடிக்காமையைவிட அந்த நினைவுகள் பெரிதாக இருக்கும்.

மன்னித்தாள் என்று தொடர் எங்கும் சொல்லவில்லை. சேர்ந்து வாழ ஒத்துக்கொண்டாள், அவ்வளவுதான். கடைசி எபிசோடிலும் இருவரும் கட்டிப்பிடித்து உருகுவதில்லை. அதனால்தான் அந்தச் சமாதானத்தை நான் நம்புகிறேன்.

எடித் கல்யாண டிரெஸ் பழைய காலத்து மாதிரி இருக்கு, மேரியோடது சிம்பிளா இருக்கு. மாடர்ன் ஆனது எடித்தானே, உல்டாவா இல்லையா?

மேரிக்கு இது இரண்டாவது கல்யாணம். விதவை மறுமணத்தில் முக்காடு, நீள வால் எல்லாம் போடாமல், குட்டையான கௌனும் தொப்பியுமாக அடக்கமாக வருவதுதான் பொருத்தம். எடித்துக்கு இதுதான் முதல் கல்யாணம், அதோடு அவள் ஒரு மார்க்விஸின் மனைவியாகப் போகிறவள்.

1920இல் அவளைக் கைவிட்டபோது உடுத்தியிருந்தது பளபளக்கும் சாட்டின். இப்போது உடல் முழுக்க லேஸ். பத்திரிகை நடத்துகிறவள், தன் குழந்தையைப் பற்றி மாமியாரிடம் நேரில் பேசியவள், இதற்குமேல் யாருக்கும் தன் நவீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் தயங்காமல் லேஸையும் முக்காட்டையும் எடுத்துக்கொள்கிறாள்.

எல்லாருக்கும் நல்லது நடக்குற மாதிரி முடிச்சுட்டாங்க. இது ஓவரா இல்லையா?

சிலருக்கு ஓவர்தான். மெர்ட்டன் பிரபுவுக்குச் சாவு நிச்சயம் என்ற நோய், அடுத்த காட்சியில் சாதாரண ரத்தசோகை என்று ஆகிவிடுகிறது. அதை நான் ஏற்க மாட்டேன். பேரோ விஷயம் வேறு. தற்கொலை முயற்சிவரை போனவன், வேறு வீட்டில் தனிமையை அனுபவித்துவிட்டு, இன்னொருவரின் கை நடுக்கத்தால் கிடைக்கும் பதவிக்குத் திரும்புகிறான். அந்த மகிழ்ச்சிக்குக் கார்சன் விலை கொடுத்திருக்கிறார்.

தேதியையும் பாருங்கள். 1926 மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். மூன்று வருஷம் கழித்து உலகப் பொருளாதார வீழ்ச்சி. சாவு வரி கட்ட முடியாமல் பெரிய மாளிகைகள் விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். ஆறாவது சீசனின் தொடக்கத்திலேயே பக்கத்து மாளிகையின் சாமான்கள் ஏலம் போவதைக் குடும்பமே போய்ப் பார்க்கிறது. அதைப் பார்த்துவிட்டு வரும் நமக்கு, கடைசி நள்ளிரவில் எல்லாரும் கூடிப் பாடும்போது சந்தோஷத்தோடு ஒரு பயமும் இருக்கும். எதிர்காலத்துக்குத்தான் போகிறோம் என்று இசபெல் சொல்ல, நம்மிடம் வேறு வழி இருந்தால் தேவலாமே என்ற பொருளில் பாட்டி பதில் சொல்வதும் அதனால்தான்.

அதோட முடிஞ்சுதா? படமும் வந்துச்சுன்னு சொன்னாங்களே?

மூன்று படங்கள். 2019இல் வந்தது 1927இல் நடக்கிறது. மேலே சொன்ன மேரி ராணி அதில் கணவரோடு மாளிகைக்கே வருகிறார். 2022இல் இரண்டாவது, அதில் வயலட் பாட்டி இறக்கிறார். மேகி ஸ்மித் 2024 செப்டம்பரில் காலமானார். 2025இல் வந்த மூன்றாவது 1930இல் நடக்கிறது. மேரி விவாகரத்து பெற்றதால் ஊர் அவளை ஒதுக்குகிறது. உடையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது விருந்து, தொளதொளப்பு போய் உடலோடு ஒட்டி வழியும் 1930களின் வெட்டு வந்துவிட்டது. கதையின் முடிவு எது என்று கேட்டால் நான் இன்னும் 2015 எபிசோடைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் பார்த்துட்டு என் ஸ்டைலையும் மொத்தமா மாத்தணும்னு தோணுது. எங்கே ஆரம்பிக்கிறது?

கடையில் ஆரம்பிக்காதீர்கள். எடித்தைப் பற்றிய பதிலை மறுபடி படியுங்கள். உங்கள் நாளில் என்ன மாறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்: புது வேலை, குழந்தை, ஊர் மாற்றம், உடம்பு மாற்றம். பழைய உடை எந்த இடத்தில் தொந்தரவு செய்கிறதோ அந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள். பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது கைக்குழியில் இறுக்குகிறதா, பிளவுஸைக் கிராஸ் கட்டில் தைத்து, கையை அரை அங்குலம் தளர்த்திப் பாருங்கள். துணியை மூலைவாட்டில் வெட்டினால் உடலோடு இழைந்து கொடுக்கும் என்பதை வைத்துத்தான் பாரிஸில் மதலேன் வியோனே 1920களில் பெயர் வாங்கினார். நம் ஊர் டெய்லர் எல்லாருக்கும் தெரிந்த வித்தை அது.

பிறகு அலமாரியில், யாரோ சொன்னார்கள் என்று வாங்கி, போடும்போதெல்லாம் சங்கடப்படும் ஒரு நிறத்தைக் கண்டுபிடித்து வெளியே எடுங்கள். இருப்பதைப் பிரித்து வேறாகத் தைக்கலாம். அந்தத் தொடரின் சில உடைகள் அப்படித்தான் உருவாயின.

எனக்கு வயசு அம்பதுக்கு மேல. இனிமே மாத்தினா ஊர் சிரிக்காதா?

கோராவும் இசபெலும் உங்களுக்கு முன்னால் இருக்கிறார்கள். கோரா கார்செட் காலத்தில் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்கும் வயதில் இருந்தவர், 1925இல் நேர்வெட்டு மணிவேலை கௌனில் மருத்துவமனைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். முடியை மட்டும் வெட்டவில்லை. பிடித்ததை எடுத்துக்கொண்டார், பிடிக்காததை விட்டுவிட்டார். மாற்ற மனமில்லை என்றால் வயலட் பாட்டி மாதிரியே நில்லுங்கள், அதுவும் அழகுதான்.

உடைக்காக மட்டும் மறுபடி பார்க்கணும்னா எந்த எபிசோடெல்லாம் பார்க்கலாம்?

சிபிலுக்காக முதல் சீசனின் நான்காவது. மேரியின் ஊதா உடைக்கு நான்காவது சீசனின் முதல் எபிசோட், அதே சீசனில் எடித்தின் லண்டன் காட்சிகள் எல்லாம். முடி வெட்டுக்கு ஐந்தாவது சீசனின் ஆறாவது. பத்திரிகை அலுவலக இரவு, திருமதி ஹியூஸின் கோட்டு இரண்டும் ஆறாவது சீசனின் மூன்றாவது எபிசோடிலேயே வந்துவிடுகின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள். கடைசி எபிசோடில் சமையலறைப் பெண் டெய்சியும் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வருவாள், ஒரு வருஷம் முன்னால் மேலே அவ்வளவு கலாட்டா ஆன அதே வெட்டு. கூட்டத்தில் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.